கலர் துணியில் ஏறிய பழைய கறை: சாயம் போகாமல் எடுக்க என்ன வழி?

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். திருவந்திபுரத்தில் நடந்த கல்யாணத்துக்குக் கட்டிப்போன இளம்பச்சை காட்டன் புடவையில் மஞ்சளும் குங்குமமும் பட்டு ஆறு மாதம் ஆகிறதாம். இன்னொன்று, பையனின் வெளிர்நீலக் காட்டன் சட்டை. பண்ருட்டிப் பக்கம் உறவினர் தோப்புக்குப் போனபோது முந்திரிப்பழச் சாறு வழிந்து, இப்போது கறுத்துப்போய் நிற்கிறது. இரண்டையும் பல தடவை துவைத்தாயிற்று. சாயம் போகாமல் வீட்டிலேயே எடுக்க முடியுமா என்பது கேள்வி.

முடியும். மஞ்சள் போய்விடும். குங்குமம், அது எதில் செய்தது என்பதைப் பொறுத்தது. முந்திரிப்பழக் கறை நன்றாக மங்கும். தடமே இல்லாமல் போகும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

புதுச்சேரியில் சலவைக் கடை வைத்திருக்கிறேன். கடைக்கு வருகிற கலர் துணிகளைப் பார்த்துச் சொல்கிறேன், அவற்றைக் கெடுப்பது பெரும்பாலும் கறையை எடுக்கத் தேய்த்த பிரஷ்தான். ஆத்திரத்தில் அந்த ஓர் இடத்தை மட்டும் தேய்த்துத் தேய்த்து, நூல் பிசிறடித்து, சாயம் உதிர்ந்து, கறை இருந்த இடத்தில் வெளிறிய ஒரு வட்டம் நிற்கும். கறையை எடுக்கலாம், போன சாயத்தை ஒட்டவைக்க முடியாது. கலர் துணியில் பழைய கறைக்கு வேண்டியது சரியான பொருளும் ஊறுவதற்கு நேரமும். கை பலம் அதில் கடைசி.

முதலில் அது கறைதானா என்று பாருங்கள். துணியைப் பகல் வெளிச்சத்தில் பிடித்து, அந்த இடம் மற்ற இடத்தைவிடக் கருமையா, வெளிறியா என்று கவனியுங்கள். வெளிறி இருந்தால் அங்கே சாயமே போயிருக்கிறது. பிளீச் தெறித்தாலும், முகப்பருவுக்குப் போடுகிற பென்சாயில் பெராக்சைடு கிரீம் பட்டாலும் இப்படி ஆகும். அக்குளில் வியர்வை பட்டே சில சாயங்கள் நிறம் மாறிவிடும். அதை எதைப் போட்டு ஊறவைத்தாலும் பயன் இல்லை.

அடுத்து, சாயம் தாங்குமா என்று சோதனை. புடவை என்றால் உள்ளே செருகுகிற ஓரத்தில், சட்டை என்றால் உள்ளே மடித்துத் தைத்த துணியில், நீங்கள் போடப்போகிற கரைசலையே நாலு சொட்டு விடுங்கள். பத்து நிமிடம் கழித்து ஒரு வெள்ளைத் துணியை அதன்மேல் அழுத்தி எடுங்கள். வெள்ளையில் நிறம் ஒட்டினால் அந்தக் கரைசல் வேண்டாம். ஒட்டாவிட்டாலும் அந்த இடத்தை அலசி, காயவைத்து, அப்புறம் பாருங்கள். ஈரத்தில் எல்லாச் சாயமும் கருமையாகத்தான் தெரியும், காய்ந்தால்தான் உண்மை தெரியும். குறிஞ்சிப்பாடி கைலி, கையால் அச்சுப் போட்ட துணி, கருஞ்சிவப்பு, கறுப்பு, அவுரி நீலம், இதற்கெல்லாம் சோதனை இல்லாமல் எதையும் செய்யாதீர்கள். அவுரி தண்ணீரில் கரையாத சாயம். நூலுக்குள் கரைந்து போகாமல் துகளாக ஒட்டி நிற்கும், அதனால் தேய்த்தால் உதிரும். ஒரு காலத்தில் புதுச்சேரியிலிருந்து செனகல் வரைக்கும் கப்பலேறிப் போன நீலத்துணி அவுரியில் தோய்த்ததுதான். அந்த நீலத்தின் குணம் இன்றைக்கும் மாறவில்லை.

சரி, புடவைக்கு வருவோம். மஞ்சளின் நிறத்துக்குக் காரணம் குர்குமின் என்கிற பொருள். தண்ணீரில் கரையாது, அதனால்தான் அலசினால் போவதில்லை. ஆனால் அதற்கு இரண்டு பலவீனம் உண்டு: காரமும் (மிளகாய்க் காரம் இல்லை, சோப்பு, சோடா, சுண்ணாம்பில் இருக்கிற காரம்) வெயிலும். கறை பட்ட இடத்தை நனைத்து, துணி சோப்பை மேலாகத் தடவுங்கள். மஞ்சள் நிறம் கண்ணெதிரே செங்கல் சிவப்பாகத் திரும்பும். பலர் இந்த இடத்தில் பதறிப்போய், கறை கூடிவிட்டது என்று நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்த வேண்டாம். சோப்பின் காரம் பட்டதும் குர்குமின் நிறம் மாறுகிறது, உடையவும் தொடங்குகிறது. பத்து நிமிடம் விட்டு, மிதமாக அலசி, ஈரம் இருக்கும்போதே வெயிலில் விரியுங்கள். புடவையின் பின்பக்கம் மேலே இருக்கட்டும். மஞ்சள் துணியின் இரண்டு பக்கமும் ஊறியிருக்கும், ஆகவே பின்பக்கத்தில் வெயில் பட்டாலும் வேலை நடக்கும். முன்பக்கச் சாயத்துக்குப் பாதிப்பு குறைவு. காலை ஒன்பது மணி வெயிலில் போட்டு நண்பகலுக்கு முன் எடுத்துவிடுங்கள். சிவப்பு மறைந்து வெளிர்மஞ்சள் ஆகும், அப்புறம் அதுவும் போகும். ஆறு மாதக் கறைக்கு இதை மறுநாளும், தேவைப்பட்டால் அதற்கடுத்த நாளும் செய்ய வேண்டியிருக்கும். நாள் முழுக்கக் காயவிட்டு ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள், பச்சையும் சேர்ந்து வெளுக்கும்.

குங்குமத்தில் இரண்டு வகை இருக்கிறது. மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்து இடித்த குங்குமம் ஒன்று. அதன் சிவப்பும் மேலே சொன்ன அதே மாற்றத்தால் வருவது. கடையில் கிடைக்கிற பலவற்றில் சிவப்புச் சாயமே கலந்திருக்கும். எது என்று கண்டுபிடிக்க, கறையில் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு வையுங்கள். சிவப்பு மஞ்சளாக மாறினால் அது மஞ்சள் குங்குமம். அந்தச் சாற்றை உடனே அலசிவிட்டு, மஞ்சளுக்குச் சொன்ன சோப்பு, வெயில் வழியிலேயே போங்கள். மாறாமல் சிவப்பாகவே நின்றால் சாயக் குங்குமம். அதற்கு ஒரு வெள்ளைத் துணியை அடியில் வைத்து, கைகழுவும் சானிட்டைசரில் நனைத்த பஞ்சால் மேலிருந்து ஒற்றுங்கள். அதில் இருக்கிற ஆல்கஹால் சாயத்தைக் கரைத்து அடித்துணியில் இறக்கும். அடித்துணியை இடம் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இறங்கியதே திரும்ப ஏறும். மிச்சத்தை ஆக்சிஜன் பிளீச்சில் பார்த்துக்கொள்ளலாம், அதைக் கீழே சொல்கிறேன். பால்பாயிண்ட் பேனா மைக்கும் இதே ஒற்றல்தான். ஜெல் பேனா மை இப்படிப் போவது அரிது.

இப்போது முந்திரிப்பழம். கடலூர் ஜில்லாவில் பிறந்தவர்களுக்கு இதைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை, "முந்திரிக்கறை துணி கிழிகிற வரைக்கும்" என்று வீட்டில் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். பழச்சாற்றில் நிறைய துவர்ப்புப் பொருள், அதாவது டானின் இருக்கிறது. துணியில் பட்ட உடனே நிறமே தெரியாது. காற்றுப் பட்டுப் பட்டுப் பழுப்பாகும். வாழைக்கறை, பாக்கு, மாதுளைத் தோல், டிகாக்‌ஷன் எல்லாம் இந்தக் குடும்பம்தான். பழுப்போடு நிற்காமல் கறுத்துப்போவதற்கு இன்னொரு காரணம் உண்டு: இரும்பு. போர் தண்ணீரில் இரும்புச் சத்து இருந்தாலோ, துருப்பிடித்த வாளியில் ஊறவைத்தாலோ, டானினும் இரும்பும் சேர்ந்து மை மாதிரி கறுப்பாகிவிடும். கலம்காரித் துணியில் கறுப்புக் கோடு போடுவது இந்தச் சேர்க்கையை வைத்துத்தான். கடுக்காயில் தோய்த்த துணிமேல் இரும்புக் கரைசலால் எழுதுவார்கள். அங்கே வேண்டிச் செய்வது உங்கள் சட்டையில் தானாக நடந்திருக்கிறது.

அதனால் கறுத்த டானின் கறையை இரண்டு கட்டமாக எடுக்க வேண்டும், வரிசை மாறக் கூடாது. முதலில் இரும்பை வெளியேற்றுங்கள். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் சிட்ரிக் அமிலம் கிடைக்கும். அரை லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி கரைத்து, சாயச் சோதனை செய்த பிறகு, கறை உள்ள பகுதியை மட்டும் பிளாஸ்டிக் கிண்ணத்தில் அரை மணி நேரம் முக்கி வையுங்கள். கறுப்பு இளகிப் பழுப்புக்குத் திரும்பும். அது நல்ல அறிகுறி. நன்றாக, பல தண்ணீரில் அலசுங்கள். அமிலம் துணியிலேயே காய்ந்தால் பருத்தி நூல் நலிந்துபோகும், அதன்மேல் இஸ்திரி போட்டால் இன்னும் மோசம்.

இரண்டாவது கட்டம் ஆக்சிஜன் பிளீச். கடையில் கறை நீக்கும் பொடி என்று விற்கிறார்கள், வானிஷ் மாதிரி. பின்பக்கத்தில் சோடியம் பெர்கார்பனேட் என்று போட்டிருக்கிறதா என்று படித்து வாங்குங்கள். தண்ணீரில் போட்டதும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சலவை சோடாவும் ஆகப் பிரியும் பொருள் அது. பெராக்சைடு கறையின் நிறத்தை உடைக்கும், பெரும்பாலான காட்டன் சாயங்களை விட்டுவிடும். வெள்ளைத் துணிக்குப் போடுகிற குளோரின் பிளீச்சுக்கு அந்தப் பாகுபாடு தெரியாது, சாயத்தையும் உடைக்கும். துணியில் லேபிள் இருந்தால் முக்கோணக் குறியைப் பாருங்கள்: முக்கோணத்துக்குள் இரண்டு சாய்ந்த கோடு இருந்தால் ஆக்சிஜன் பிளீச் மட்டும் போடலாம், பெருக்கல் குறி போட்டு அடித்திருந்தால் எந்தப் பிளீச்சும் கூடாது.

நாலு லிட்டர் தண்ணீரைக் கை பொறுக்கும் சூட்டுக்குக் காய்ச்சிக்கொள்ளுங்கள், சுமார் 40 டிகிரி. பச்சைத் தண்ணீரில் இந்தப் பொடி மந்தமாகத்தான் வேலை செய்யும். இரண்டு மேசைக்கரண்டி பொடியைப் போட்டு, ஒரு துகள்கூட அடியில் நிற்காமல் கலக்கிய பிறகுதான் துணியை இறக்க வேண்டும். கரையாத துகள் துணிமேல் உட்கார்ந்தால் அந்த இடத்தில் மட்டும் புள்ளி விழும். சட்டையை முழுதாக முக்குங்கள். கறை உள்ள இடத்தை மட்டும் நனைத்தால் ஓரத்தில் வளையம் தெரியும். சிறுசிறு குமிழியாக வந்துகொண்டிருக்கும். ஒரு மணி நேரத்தில் எடுத்து அலசிப் பாருங்கள். தண்ணீர் தேயிலை நிறத்தில் இருந்தால் கறை இறங்குகிறது. சட்டையின் நிறத்திலேயே தண்ணீர் மாறியிருந்தால் அத்துடன் நிறுத்திவிடுங்கள். கறை மங்கிக்கொண்டே வந்தால் புதிதாகக் கரைத்து இன்னொரு தடவை ஊறவைக்கலாம். சில மணி நேரத்தில் கரைசலின் வீரியம் தீர்ந்துவிடும், ராத்திரி முழுக்கப் பழைய தண்ணீரிலேயே கிடப்பதால் பயன் இல்லை. மிச்சக் கரைசலைப் பாட்டிலில் அடைத்து வைக்கவே கூடாது. வாயு சேர்ந்து பாட்டில் வெடிக்கும்.

இரும்பை முதலில் எடுக்கச் சொன்னதற்கு இன்னொரு முக்கியமான காரணம் உண்டு. துரு இருக்கிற இடத்தில் பெராக்சைடு பட்டால் அது வெகு வேகமாகச் சிதையும், அந்த இடத்து நூலையும் சேர்த்து அரித்து, ஊசிக்குத்து மாதிரி ஓட்டை விழும். மில்களில் துணியை வெளுக்கும்போதும் இதே பிரச்சினை வரும். புடவையில் தோள் மடிப்புக்குக் குத்திய ஊக்கு துருப்பிடித்து விட்ட புள்ளி, ரவிக்கைக் கொக்கியின் துரு, கொடிக்கம்பியின் துரு எல்லாவற்றுக்கும் முதலில் எலுமிச்சை உப்பு, பிறகுதான் பொடி. கடற்கரை ஊர்க்காரர்கள் ஊக்கைக் கழற்றாமல் புடவையைப் பீரோவில் வைக்கவே கூடாது. உப்புக் காற்றில் ஒரு மழைக்காலம் போதும், துரு இறங்கிவிடும்.

சாம்பார், குழம்பு, ஊறுகாய்க் கறையில் எண்ணெயும் நிறமும் கலந்திருக்கும். எண்ணெயை எடுக்காமல் நிறத்தைத் தொட்டால் நகராது. பாத்திரம் கழுவும் திரவத்தைக் காய்ந்த துணியில் நேராகத் தடவி, விரலால் மெதுவாகப் பிசைந்து, அரை மணி நேரம் விட்டு வெந்நீரில் அலசுங்கள். மிச்சம் நிற்பது மஞ்சளும் மிளகாய்ச் சிவப்பும். இரண்டுமே வெயிலில் மங்குபவை. பலாப்பிசின், சைக்கிள் செயின் மசகு, கடற்கரையில் ஒட்டிய தார் உருண்டைக்குத் தேங்காய் எண்ணெய் தடவி இளக்கி வழித்துவிட்டு, அந்த எண்ணெயைப் பாத்திரத் திரவத்தால் எடுக்கலாம். பச்சை முந்திரிக் கொட்டையின் ஓட்டு எண்ணெய் பட்டுக் காய்ந்திருந்தால் வீட்டு வைத்தியம் எதுவும் கேட்காது, பணத்தையும் நேரத்தையும் செலவழிக்காதீர்கள்.

ரத்தக் கறைக்கு, மீன் ரத்தம் உட்பட, வெந்நீர் ஆகாது. சூட்டில் புரதம் இறுகிப்போகும். குளிர்ந்த உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீர் மாற்றி மாற்றி அலசி, பிறகு என்சைம் (புரதத்தை உடைக்கிற பொருள்) உள்ள சலவைப் பொடியில் வெதுவெதுப்பாக ஊறவையுங்கள்.

வெற்றிலைக் கறையில் சுண்ணாம்பு சேர்ந்திருப்பதால்தான் அந்தச் சிவப்பு. எலுமிச்சை உப்பில் தொடங்கி ஆக்சிஜன் பொடியில் முடியுங்கள்.

செம்மண் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், காலாப்பட்டு, ஆரோவில் பக்கமும் கேப்பர் மலைப் பக்கமும் விளையாடுகிற பிள்ளைகள் உள்ள வீடுகளில் இது தீராத தொல்லை. ஈரமாக இருக்கும்போது தேய்த்தால் மண் நூலிழைக்குள் போய் அடையும். நன்றாகக் காயவிட்டு, உதறி, பிறகு வெறும் தண்ணீரில் தெளிவு வரும்வரை அலசி, அதற்கு அப்புறம்தான் சோப்பு. கடைசியில் ஒரு காவி நிறம் மட்டும் நிற்கும். அது இரும்பு ஆக்சைடு, துரு இனம். எலுமிச்சை உப்புக் கரைசலில் அது கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்து, பின்னாடியே தென்பெண்ணை வெள்ளமும் வந்தபோது, பீரோவின் கீழ்த்தட்டு நனைந்த வீடுகளில் சேறும் பூஞ்சையும் ஒரு புடவைச் சாயம் இன்னொன்றில் ஏறியதும் சேர்ந்தே இருந்தன. அப்படிப்பட்ட துணியை ஒன்றோடொன்று ஒட்டிய நிலையில் காயவிடக் கூடாது. ஈரமாகவே தனித்தனியாகப் பிரித்து அலசிவிட வேண்டும். ஏறிய சாயம் காயாமல் இருக்கும்வரை ஆக்சிஜன் பொடிக்கு ஓரளவு கட்டுப்படும். பூஞ்சைக் கரும்புள்ளிக்கு, முகத்தை மூடிக்கொண்டு மொட்டை மாடியில் வெயிலில் காயவைத்து உதறி, பிறகு பொடியில் ஊறவையுங்கள். பூஞ்சை நூலையே தின்றிருந்தால் புள்ளி நிற்கும்.

தண்ணீரையும் கவனிக்க வேண்டும். கடலை ஒட்டிய தெருக்களில் போர் தண்ணீர் கடினமாக, உப்பாக இருக்கும். சோப்பு நுரைக்காமல் திரிந்து துணியில் சாம்பல் நிறமாகப் படியும், கறை எடுக்கிற சக்தி அதிலேயே செலவாகிவிடும். ஊறவைக்கிற நாலு லிட்டருக்காவது கேன் தண்ணீரோ பிடித்து வைத்த மழைத்தண்ணீரோ பயன்படுத்துங்கள். ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறுகிற தண்ணீரைச் சிக்கனமென்று துணிக்கு வைத்திருப்பவர்கள் உண்டு. உப்பெல்லாம் திரண்ட தண்ணீர் அது, தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள்.

பலரும் நம்பிக்கையோடு செய்கிற இரண்டு விஷயங்களால் பலன் இல்லை. வினிகரையும் ஆப்ப சோடாவையும் சேர்த்துப் பொங்கவிடுவது ஒன்று. இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு கடைசியில் வெறும் உப்புக் கரைசல்தான் மிஞ்சும். இன்னொன்று, புதுத் துணியை உப்புத் தண்ணீரில் போட்டால் சாயம் கெட்டிப்படும் என்பது. சாயம் போடுகிற நேரத்தில் உப்புக்கு வேலை உண்டு, சாயம் ஏற்றி முடித்த துணியில் அதற்கு வேலை இல்லை. ஆபத்தானது ஒன்றும் இருக்கிறது: குளோரின் பிளீச்சோடு எலுமிச்சை உப்பு, வினிகர், கழிவறை ஆசிட் எதையும் சேர்க்கக் கூடாது. வருகிற வாயு நுரையீரலைப் பொசுக்கும். மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

கறை முழுதாகப் போயிற்று என்று பகல் வெளிச்சத்தில் உறுதி செய்யாமல் இஸ்திரி போடாதீர்கள். சூட்டில் மிச்சம் இறுகிவிடும். உங்கள் புடவையும் சட்டையும் காட்டன் என்பதால் இவ்வளவும் சொன்னேன். பட்டுக்கு இதில் எதுவும் பொருந்தாது. பட்டு ஒரு புரதம். ரத்தக் கறையைத் தின்கிற என்சைம் பட்டையும் தின்னும், சோடா அதை நலியவைக்கும். சரிகை இருந்தால் அமிலமும் பெராக்சைடும் அதைக் கறுக்கவைக்கும். பட்டுப் புடவையில் கறை பட்டால் பருத்தித் துணியால் ஒற்றி ஈரத்தை எடுங்கள், தண்ணீர் தெளிக்காதீர்கள், சீக்கிரம் டிரைகிளீனிங் கடைக்குக் கொண்டுபோங்கள். கொடுக்கும்போது கறையைச் சுற்றி நூலால் ஒரு தையல் அடையாளம் போட்டு, என்ன பட்டது, எப்போது பட்டது, நீங்கள் அதன்மேல் என்னவெல்லாம் போட்டுப் பார்த்தீர்கள் என்று மூன்றையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். மூன்றாவதைத்தான் எல்லோரும் சொல்லத் தயங்குகிறார்கள். எலுமிச்சை போட்டது தெரியாமல் நாங்கள் காரம் வைத்தால் புடவையின் நிறமே திரியக்கூடும்.